வேலிக்குள் ஓர் அரசு: அமெரிக்க வீட்டுரிமையாளர் சங்கங்களின் வரலாறும் அவற்றின் நன்மை தீமைகளும்

முன்னுரை

விலைகொடுத்து வீட்டை வாங்கி, பட்டாவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட ஒருவர் அவ்வீட்டிற்கு முழுமையான உரிமையாளர் என்பதே பொதுவாக நிலவும் எண்ணமாகும். ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சொந்த வீட்டில் வாழ்வோருள் கணிசமானோர் தம் வீட்டுச் சுவருக்கு எவ்வண்ணம் பூசுவது, முற்றத்தில் என்ன செடி நடுவது, வாசலில் எவ்வகை வாகனத்தை நிறுத்துவது என்பனவற்றைத் தாமாகவே முடிவுசெய்ய இயலாதவர்களாக உள்ளனர். இவற்றை முடிவுசெய்வது அவர்களின் குடியிருப்பை ஆளும் வீட்டுரிமையாளர் சங்கமாகும்.

இச்சங்கத்தை நம் நாட்டுத் தாமான்களில் இயங்கும் குடியிருப்பாளர் சங்கத்தோடு ஒன்றாகக் கருதிவிடலாகாது. நம் குடியிருப்பாளர் சங்கத்தில் சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பம். அங்கோ, வீட்டை வாங்கும் செயலே உறுப்பியம் பெறும் செயலாகிவிடுகிறது. வீட்டை விற்றாலன்றி உறுப்பியத்திலிருந்து விலக வழியில்லை. சந்தா கட்டாயமானது; அதனைக் கட்டத் தவறினால் வீட்டையே ஏலத்திற்குக் கொண்டுவரும் உரிமை பல மாநிலங்களில் சங்கத்திற்கு உண்டு. 1970ஆம் ஆண்டில் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழ 10,000 இருந்தன. 2023ஆம் ஆண்டில் அவை 3,65,000ஐ எட்டிவிட்டன என்றும், ஏறத்தாழ 75 மில்லியன் மக்கள் அவற்றின்கீழ் வாழ்கின்றனர் என்றும் இச்சங்கங்களுக்கான ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுக்குமாடி வீடுகளின் சங்கங்களும் இக்கணக்கில் அடங்கும்.

இச்சங்கங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நன்மைகள் இவை, தீமைகள் இவை எனப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகிறது. நாம் இக்கட்டுரையில் வேறொரு வழியில் செல்ல முற்படுகிறோம். இச்சங்கத்தின் நன்மையும் தீமையும் ஒரே சட்டக் கருவியிலிருந்து பிறந்தவை என்பதும், அக்கருவியின் வரலாற்றை அறியாமல் இவற்றை எடைபோட இயலாது என்பதும் நம் கருத்தாகும். அடுக்குமாடி வீடுகளிலும் வேலியிட்ட குடியிருப்புகளிலும் வாழத் தொடங்கிவிட்ட மலேசியர்களுக்கு இவ்வரலாறு அயலார் கதை மட்டுமன்று. ஆதலின் இறுதியில் நம் நாட்டு நிலையையும் சுருக்கமாகத் தொட்டுக் காட்டுவோம்.

பூங்காவும் சாவியும்

இதன் தொடக்கம் ஒரு பூந்தோட்டத்தில் அமைந்தது. லண்டன் மாநகரின் லெஸ்டர் சதுக்கத்தில் இருந்த தோட்டத்தை அதன் உரிமையாளரான டல்க் என்பவர் 1808ஆம் ஆண்டில் விற்றார். அதனைத் தோட்டமாகவே பேணுவதாகவும் அங்குக் கட்டடம் எழுப்புவதில்லை எனவும் வாங்கியவர் உறுதிகூறினார். பின்னர் அந்நிலம் கைமாறி மாக்சே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அவ்வுறுதிமொழி இடம்பெறவில்லை. ஆனால் அப்படியோர் உறுதிமொழி இருப்பதை அவர் அறிந்தே வாங்கியிருந்தார். கட்டடம் எழுப்ப முனைந்தபோது வழக்கு எழுந்தது. 1848ஆம் ஆண்டில் வெளிவந்த தீர்ப்பு, அறிந்து வாங்கியவரை அவ்வுறுதிமொழி கட்டுப்படுத்தும் எனக் கூறியது. உறுதிமொழி அதனைக் கொடுத்த மனிதரோடு முடிந்துவிடாமல் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த உரிமையாளர்களைத் தொடர்கிறது என்பதே இதன் பொருள். வாக்குக் கொடாதவனையும் வாக்கு கட்டுப்படுத்தும் என்னும் இவ்விந்தையான கருத்தே பிற்காலச் சங்கங்கள் அனைத்திற்கும் அடித்தளமாகும். இக்கட்டுரையில் இதனைப் பத்திர நிபந்தனை எனக் குறிப்பிடுவோம்.

அமெரிக்காவிலும் முதல் முயற்சிகள் பூங்காக்களையே மையமாகக் கொண்டிருந்தன. நியூயார்க்கில் சாமுவேல் ரகில்ஸ் என்பவர் 1831ஆம் ஆண்டில் கிராமர்சி பூங்காவை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். அதனைச் சூழ்ந்துள்ள மனைகளின் உரிமையாளர்களே அதன் பயனாளிகள். இன்றும் சாவி வைத்திருப்போர் மட்டுமே அதனுள் நுழைய முடியும். பாஸ்டன் நகரின் லூயிஸ்பர்க் சதுக்கத்து உரிமையாளர்கள் நடுவிலிருந்த புல்வெளியைப் பராமரிக்க 1844ஆம் ஆண்டில் ஏற்படுத்திக்கொண்ட அமைப்பே அந்நாட்டின் முதல் வீட்டுரிமையாளர் சங்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. பலருக்கும் பொதுவான ஒன்றை யார் பேணுவது, யார் செலவு செய்வது என்ற நியாயமான வினாவுக்கு அன்று கிடைத்த விடை இது. ஆயினும் பூங்காவுக்குப் பூட்டும் தொடக்கத்திலேயே இருந்தது என்பது நோக்கத்தக்கது.

நிகோல்ஸ் கண்ட வழி

பூங்காவிலிருந்து முழுக் குடியிருப்புக்கு இக்கருவியை விரிவுபடுத்தியவர்கள் நில மேம்பாட்டாளர்கள். பால்டிமோரின் ரோலண்ட் பார்க் 1891ஆம் ஆண்டு முதல் இவ்வழியில் உருவானது. எனினும் இதனை ஒரு முறையாகவே வகுத்துத் தந்தவர் கன்சாஸ் நகரைச் சேர்ந்த ஜே. சி. நிகோல்ஸ் ஆவார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் நடைமுறை சார்ந்தது. வீடுகளின் குறைந்தபட்சக் கட்டுமானச் செலவு இவ்வளவு, சாலையிலிருந்து இத்தனை அடி தள்ளியே கட்ட வேண்டும், கடைகள் கூடா என மேம்பாட்டாளர் பத்திரத்தில் நிபந்தனைகளை எழுதி விற்றுவிடலாம். ஆனால், பத்திருபது ஆண்டுகளில் அந்நிபந்தனைகள் காலாவதியாகிவிடும். அதற்கு முன்னரே ஒருவர் மீறினாலும் அவர்மீது வழக்குத் தொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் தம் கைப்பணத்தைச் செலவிட வேண்டும். தினமும் முகம் பார்க்கும் அண்டை வீட்டாரை நீதிமன்றத்துக்கு இழுக்க எவர் விரும்புவர்? நிகோல்ஸ் இரண்டு வழிகளைக் கண்டார். பெரும்பான்மை உரிமையாளர்கள் முன்கூட்டியே எழுத்துமூலம் மறுத்தாலன்றி நிபந்தனைகள் தாமாகவே புதுப்பிக்கப்படும் எனப் பத்திரத்தில் எழுதினார். அடுத்து, கட்டாயச் சந்தாவுடன் கூடிய சங்கங்களை நிறுவினார். மிஷன் ஹில்ஸ் சங்கம் 1914ஆம் ஆண்டில் தோன்றியது. சந்தாப் பணத்தில் மரங்கள் பேணப்பட்டன. நகராட்சி எட்டிப் பார்க்காத இடங்களில் அடிப்படைச் சேவைகள் கிடைத்தன. அதே பணத்தைக் கொண்டு நிபந்தனைகளைச் செயற்படுத்தவும் முடிந்தது. அண்டை வீட்டார்மீது ஆள் வழக்குத் தொடுக்கும் சங்கடம் நீங்கி, அமைப்பு வழக்குத் தொடுக்கும் நிலை உருவாயிற்று.

நிகோல்ஸ் அமைத்த குடியிருப்புகள் அழகானவை என்பதை மறுப்பதற்கில்லை. நூறாண்டுகளுக்குப் பின்னரும் அவற்றின் மரங்களும் வளைந்த சாலைகளும் பேணப்பட்டு வருகின்றன. நெடுங்காலத் திட்டமிடலின் பயனுக்கு இதைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது. ஆனால், அதே பத்திரங்களில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கருப்பினத்தவர் அவ்வீடுகளை வாங்கவோ அவற்றில் குடியிருக்கவோ கூடாது என்பதே அது. மரத்தைக் காத்த தானியங்கிப் புதுப்பிப்பு இத்தடையையும் காத்தது. 2020ஆம் ஆண்டில் கன்சாஸ் நகரப் பூங்கா வாரியம் ஒரு சாலையிலிருந்தும் நீரூற்றிலிருந்தும் நிகோல்ஸின் பெயரை நீக்கியதற்குக் காரணம் இதுவே.

பத்திரத்தில் எழுதப்பட்ட நிறத்தடை

இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த லூயிவில் நகரச் சட்டத்தை 1917ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அரசு செய்யக் கூடாததைத் தனியார் பத்திரம் செய்யலாம் எனும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 1934ஆம் ஆண்டில் உருவான கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் அளித்தபோது, இத்தகைய நிபந்தனைகளைத் தன் கையேட்டிலேயே பரிந்துரைத்தது. தனியார் தடைக்கு அரசாங்கக் கடன் துணைநின்றது என்றால் மிகையாகாது.

தடை கருப்பினத்தவரோடு நிற்கவில்லை. சியாட்டல் நகரின் சில பத்திரங்களில் யூதர், ஆசியர் ஆகியோருடன் ‘மலாய்’ இனத்தவரும் பெயர்சுட்டி விலக்கப்பட்டனர். அங்கு அச்சொல் பெரும்பாலும் பிலிப்பீன்ஸ் மக்களையே குறித்தது என்றாலும், மலேசிய வாசகர் அப்பத்திரங்களைப் படிக்கும்போது ஒரு கணம் திகைக்காமல் இருக்க முடியாது. இந்தியர் நிலையும் வேறன்று. குடியுரிமை தொடர்பான பகத் சிங் திண்ட் வழக்கில் 1923ஆம் ஆண்டில் இந்தியர் ‘வெள்ளையர்’ எனும் வரையறைக்குள் அடங்கார் எனத் தீர்ப்பாயிற்று. ஆதலின், ‘வெள்ளையருக்கு மட்டும்’ எனும் பத்திரம் இந்தியருக்கும் கதவடைப்பதாகவே அமைந்தது.

செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி எனும் கருப்பினக் குடும்பத்தினர் 1945ஆம் ஆண்டில் ஒரு வீட்டை வாங்கினர். 1911ஆம் ஆண்டில் அத்தெரு உரிமையாளர்கள் எழுதிய நிபந்தனை கருப்பினத்தவரையும் ‘மங்கோலிய’ இனத்தவரையும் ஐம்பது ஆண்டுகளுக்கு விலக்கியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒன்பது நீதிபதிகளுள் மூவர் விசாரணையிலிருந்து விலகிக்கொள்ள, எஞ்சிய அறுவரும் 1948ஆம் ஆண்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். இத்தகைய நிபந்தனையை நிறைவேற்ற நீதிமன்றம் துணைபோவது அரசே பாகுபாடு காட்டுவதற்கு ஒப்பாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். எனினும், நிபந்தனையை எழுதுவதையோ தாமாக அதனைப் பின்பற்றுவதையோ அத்தீர்ப்பு தடுக்கவில்லை. அதற்கு 1968ஆம் ஆண்டின் நியாய வீடமைப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல்லாதனவாகிவிட்ட அவ்வாசகங்கள் பழைய பத்திரங்கள் பலவற்றில் அச்சு மாறாமல் இன்றும் காணக் கிடைக்கின்றன.

பெருக்கத்தின் காரணங்கள்

1960களில் நில விலை உயர்ந்தது. குறைந்த நிலத்தில் வீடுகளை நெருக்கிக் கட்டி, மிஞ்சிய இடத்தைப் பொதுப் பூங்காவாகவும் நீச்சல் குளமாகவும் அமைக்கும் முறையை மேம்பாட்டாளர்கள் விரும்பினர். பொது இடம் இருந்தால் அதனைப் பேண ஓர் அமைப்பும் வேண்டும். 1961ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அடுக்குமாடி வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் அளிக்க வழிவகுத்தது. கலிபோர்னியாவில் 1978ஆம் ஆண்டில் நிறைவேறிய பதின்மூன்றாம் முன்மொழிவு சொத்துவரிக்கு வரம்பு கட்டியதும், வருவாய் குன்றிய ஊராட்சிகள் புதிய சாலை, வடிகால், பூங்கா ஆகியவற்றின் சுமையை மேம்பாட்டாளர்மீதும் அவர்வழிச் சங்கங்கள்மீதும் ஏற்றின. ஊராட்சிக்கு வரி வரும்; செலவு வாராது. வீட்டுக்காரர் வரியையும் கட்டி, சந்தாவையும் கட்டினார்.

இதனாற் பயன் இல்லை எனக் கூறவியலாது. ஒரே கூரையைப் பகிரும் வரிசை வீடுகளில், ஒருவர் கூரை ஒழுகினால் அது அனைவருக்குமான சிக்கல். சங்கம் இல்லாவிடில் யாரைக் கேட்பது? தனியாக நீச்சல் குளம் கட்ட வசதியில்லாத நடுத்தரக் குடும்பம் மாதச் சந்தாவில் அதனைப் பெறுகிறது. புல் வெட்டவும் பனி அள்ளவும் இயலாத முதியவர்களுக்குச் சங்கம் உதவுகிறது. குப்பையைக் குவித்துவைக்கும் அண்டை வீட்டாரோடு நேரில் மோதாமல் தீர்வு காண வாய்ப்புண்டு.

எதிர்த்தரப்பு வாதங்களை விரிவாக முன்வைத்தவர் ஈவன் மெக்கென்சி. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரைவடோபியா’ எனும் நூலில் இச்சங்கங்களை அவர் தனியார் அரசாங்கங்களாகவே கண்டார். விரும்பித்தானே வாங்கினீர்கள் என்பது சங்க ஆதரவாளர்களின் நிலையான விடை. ஆனால், புதிதாகக் கட்டப்படும் வீடுகளுள் பெரும்பாலானவை சங்கத்திற்கு உட்பட்டனவாகவே அமையும் பகுதிகளில் ‘விருப்பம்’ எனும் சொல்லுக்குப் பொருள் குறைந்துவிடுகிறது. மேலும், இவ்வரசில் வாக்கு மனிதருக்கன்று, சொத்துக்கே. வாடகைக்கு இருப்பவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் வாக்கில்லை. விற்று முடியும் வரை மேம்பாட்டாளரே பெரும்பான்மை வாக்குகளை வைத்திருப்பார். நியூ ஜெர்சியின் ராட்பர்ன் 1929ஆம் ஆண்டில் நகரமைப்பியலின் மாதிரிக் குடியிருப்பாக உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் வீட்டுரிமையாளர்களுக்குச் சங்கத் தேர்தலில் முழு உரிமை இல்லாதிருந்தது. அனைத்து உரிமையாளர்களுக்கும் தேர்தல் உரிமையை உறுதிசெய்த 2017ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் அவ்வூரின் பெயராலேயே வழங்கப்படுகிறது.

பூனையும் கொடியும்

செய்தித்தாள்களில் இடம்பெறுவன பெரும்பாலும் வேறுவகை வழக்குகள். கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் 530 வீடுகள் கொண்ட குடியிருப்பில் ஒரு பெண்மணி மூன்று பூனைகளை வீட்டினுள்ளேயே வளர்த்தார். அபராதம் விதிக்கப்பட்டது. பத்திரத்தில் பதிவான நிபந்தனை நியாயமானதென்றே கொள்ளப்பட வேண்டும் என 1994ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களின் அதிருப்தியைக் கண்ட சட்டமன்றம், குறைந்தது ஒரு செல்லப்பிராணியையாவது வளர்க்கும் உரிமையை 2001 முதல் வழங்கியது. வீட்டில் தேசியக் கொடி ஏற்றுவதைச் சங்கங்கள் தடுப்பதாகப் புகார்கள் எழ, அதற்கெனவே கூட்டரசு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற, 2006ஆம் ஆண்டில் அது ஒப்பம் பெற்றது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தன் கொடியைத் தன் குடிமக்கள் தம் வீட்டில் ஏற்றுவதற்குச் சட்டம் இயற்ற நேர்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவற்றுள் மிக ஆழமானது டுவின் ரிவர்ஸ் வழக்காகும். நியூ ஜெர்சியின் அப்பெரிய குடியிருப்பில் அறிவிப்புப் பலகை வைக்கவும், சமூகக் கூடத்தைப் பயன்படுத்தவும், சங்க இதழில் மாற்றுக்கருத்தை வெளியிடவும் சிலர் உரிமை கோரினர். ஓர் ஊரைப் போலவே இயங்கும் சங்கம் அரசமைப்பின் பேச்சுரிமைக்குக் கட்டுப்பட வேண்டாமா என்பது அவர்தம் வினா. 2007ஆம் ஆண்டில் நீதிமன்றம் சங்கத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 2012ஆம் ஆண்டில், வேறொரு வழக்கில், தம் வீட்டில் அரசியல் அறிவிப்பை வைக்க முழுத் தடைவிதிப்பது செல்லாது என அதே நீதிமன்றம் கூறியது. வேலிக்குள் இருக்கும் அரசை எந்த அளவுக்கு அரசாகக் கொள்வது என்பதில் நீதிபதிகளுக்கும் இன்றளவும் தெளிவான எல்லை கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

சர்ப்சைடு

பூனை வழக்குகள் சங்கத்தை ஒரு கொடுங்கோலனாகக் காட்டுகின்றன. ஆனால், நம் நோக்கில், இந்நூற்றாண்டில் இச்சங்கங்களின் மிகக் கொடிய தோல்வி கொடுங்கோன்மையால் நேர்ந்ததன்று.

புளோரிடாவின் சர்ப்சைடு நகரில் கடலோரமாக அமைந்திருந்த சாம்ப்லைன் டவர்ஸ் சவுத் 1981ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 12 மாடிகளும் 136 வீடுகளும் கொண்டது. நீச்சல் குளத் தளத்தின்கீழ் நீர்க்கசிவுத் தடுப்பு தவறியதால் காங்கிரீட் பெரிதும் சேதமுற்றிருப்பதை 2018ஆம் ஆண்டில் ஒரு பொறியாளர் எழுத்துமூலம் தெரிவித்தார். செலவைக் குறித்து உரிமையாளர்களிடையே பூசல் மூண்டது. 2019ஆம் ஆண்டில் நிர்வாகக் குழுவின் எழுவருள் ஐவர் விலகினர். ஏறத்தாழ 15 மில்லியன் டாலர் சிறப்புக் கட்டணம் 2021 ஏப்ரலில்தான் நிறைவேறியது. வீட்டின் அளவுக்கேற்ப ஏறத்தாழ 80,000 டாலர் முதல் 3,36,000 டாலர் வரை ஒவ்வொருவர் தலையிலும் விழுந்தது. முதல் தவணை ஜூலை 1ஆம் நாள். ஜூன் 24ஆம் நாள் விடியற்காலையில் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்து 98 பேர் மாண்டனர்.

கட்டடத்தின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் தொடக்கம் முதலே குறைகள் இருந்தன. பழி முழுவதையும் உரிமையாளர்மீது சுமத்துவது அநீதி. ஆயினும், அன்றைய புளோரிடாச் சட்டம் பெரும் பழுதுகளுக்கான சேமநிதியை ஒதுக்காமல் தவிர்க்க உரிமையாளர்களின் பெரும்பான்மை வாக்குக்கு இடமளித்திருந்தது. இன்றைய சந்தாவைக் குறைக்கும் குழுவே அடுத்த தேர்தலிலும் வெல்லும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய கூரையைவிட இம்மாத மருந்துச் செலவே பெரிது. அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. 2022ஆம் ஆண்டில் புளோரிடா சட்டத்தை மாற்றிக் கட்டாய ஆய்வையும் கட்டாயச் சேமநிதியையும் புகுத்தியது. அதன்பின் பழைய கட்டடங்களில் சந்தா பன்மடங்கு உயர, கட்ட இயலாத முதியோர் பலர் வீட்டை விற்க நேர்ந்தது. பாதுகாப்பின் விலையைத் தாமதமாகச் செலுத்தியவர்கள் அதனைத் தொடக்கத்தில் தவிர்த்தவர்கள் மட்டுமல்லர். இடையில் வாங்கியவர்களும் அவர்களுள் அடங்குவர். வாக்குக் கொடாதவனையும் கட்டுப்படுத்தும் அதே விதி இங்கே கடனாக வந்து நின்றது.

நம் நாட்டு நிலை

மலேசியா இக்கருவியை அமெரிக்காவிலிருந்து பெறவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961ஆம் ஆண்டில் வகுத்த ஸ்ட்ராத்தா பட்டா முறையே நமக்கு முன்மாதிரி. 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா பட்டாச் சட்டமும், 2015 ஜூன் முதல் நடப்பிலுள்ள 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டமும் இன்று நம் அடுக்குமாடிகளை ஆள்கின்றன. நிர்வாகக் கழகத்தில் உறுப்பியம் இங்கும் கட்டாயமே. மோன்ட் கியாராவிலுள்ள ஓர் அடுக்குமாடியில் குறுகிய கால வாடகையைத் தடைசெய்த துணைவிதியை 2020ஆம் ஆண்டில் நம் கூட்டரசு நீதிமன்றம் செல்லும் எனக் கூறியது.

தரைவீட்டுக் குடியிருப்புகளின் கதை வேறு. கோத்தா டாமான்சாராவில் பாதுகாப்புக் கட்டணம் செலுத்த மறுத்த ஒருவருக்குக் காவலர்கள் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடுவதை நிறுத்தினர்; அவரே இறங்கித் தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் இது வசதிக்குறைவே அன்றி வழிமறிப்பு ஆகாது எனத் தீர்ப்பளித்தது. ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு அக்கம்பம் அமைக்கப்பட்டிருந்ததும் கருத்தில் கொள்ளப்பட்டது. பத்திர நிபந்தனையே இல்லாத இடத்திலும் ஒரு கம்பம் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது.

சேமநிதியைப் பொறுத்தவரை நம் சட்டம் பழைய புளோரிடாச் சட்டத்தைவிட முன்னெச்சரிக்கையானது. கூட்டு நிர்வாகக் குழுவின் கீழுள்ள கட்டடங்களில் பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காட்டுக்கு நிகரான தொகையை அதற்கெனச் செலுத்த வேண்டும். ஆனால், பராமரிப்புக் கட்டணமே குறைவாக உள்ள மலிவுவிலை அடுக்குமாடிகளில், தோட்டங்களை விட்டு நகருக்கு வந்த நம் குடும்பங்கள் பலவும் வாழும் அவ்விடங்களில், அப்பத்து விழுக்காடு ஒரு மின்தூக்கியை மாற்றக்கூடப் போதுமானதாக இருப்பதில்லை. கட்டணத்தை உயர்த்துவதா, எதனை முதலில் பழுதுபார்ப்பது என்பன ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு உரிய வினாக்கள். கட்டணப் பாக்கி வைத்திருப்போருக்கு அங்கு வாக்கில்லை. குறிப்பிட்ட நேரத்திலிருந்து அரை மணி நேரத்திற்குள் போதிய எண்ணிக்கையினர் வாராவிடில், வந்திருக்கும் வாக்குரிமையுள்ளோரைக் கொண்டே கூட்டம் நடைபெறும். அவர்கள் எடுக்கும் முடிவு வாராதோரையும் கட்டுப்படுத்தும்.